கர்ப்பமானால்தான் ரத்தம் பார்ப்பீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு, கோபத்தில் எழுதியது. பிழை இருந்தால் இந்த முறை சிவப்பு மையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது "மிஸ்" என்று ஒரு குரல். என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த பெண். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. லைனில் இரண்டு முறை மயங்கி விழுந்தாளாம். இரண்டு முறையும் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு சத்து ஊசி போட்டு, "நல்லா சாப்பிடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் கூட்டிப்போய்ப் பார்த்தபோது 7.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை.

அந்தக் குளுக்கோஸ் பாட்டிலில் என்ன இருக்கிறது தெரியுமா? 5 சதவீதக் கரைசல், 500 மில்லி என்றால் 25 கிராம் சர்க்கரை. சில டம்ளர் டீயில் போடுகிற சர்க்கரை, அவ்வளவுதான். இரும்பு ஒரு துளி கிடையாது.

பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மிஸ், எங்க அக்கா மாசமா இருந்தப்போ சுகாதார நிலையத்துல வரக்காப்பி கலர்ல ஒரு டிரிப் ஏத்துனாங்களே, எனக்கு ஏன் யாருமே ஏத்தல?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் அக்காவுக்கு ஏற்றியது அயர்ன் சுக்ரோஸ். நம் மாநிலத்தில் ஒரு பெண் கருவுற்றால் பிக்மி எண் கிடைக்கும், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், முத்துலெட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சையும் வரும். இதில் எனக்குப் பெருமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பத்து வருஷம் அவள் யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் அவள் ரத்தத்துக்கு மரியாதை என்றால், நாம் பார்ப்பது அவளையே இல்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வாராவாரம் நீல மாத்திரை கொடுத்தவள் நான். பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிவார்கள். திட்டினேனே தவிர, "வயிற்றைப் புரட்டுதா?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இனி உறவுகளுக்கு. குடும்பக் குழுவில் தினமும் மாதுளை, பீட்ரூட் படம் அனுப்பும் பெரியப்பா கோபிக்கக் கூடாது. கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுகிறேன். எடை 42 கிலோ, ஹீமோகுளோபின் 7.4, எட்ட வேண்டியது 12. மருத்துவர்கள் போடும் வாய்ப்பாடு: எடையைக் குறைவால் பெருக்கு, 2.4-ஆல் பெருக்கு, சேமிப்புக்கு 500 கூட்டு. விடை 964 மில்லிகிராம் இரும்பு. 100 கிராம் மாதுளையில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், சுவரொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். எல்லாம் சரி. ஆனால் 7.4-ல் நிற்பவளுக்கு அது வைத்தியம் ஆகாது.

மாத்திரை பெரும்பாலோருக்குப் போதும், முதலில் அதுதான். ஆனால் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். குமட்டும், மலம் கட்டும். லைனை விட்டுக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கிற பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்குத்தான் நரம்பு வழி இரும்பு. அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு முறைக்கு 200 மில்லிகிராம். ஐந்து முறை போக வேண்டும். ஐந்து நாள் லீவு, அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் எடையைப் பொறுத்து 1000 வரை ஒரே தடவையில், 15 நிமிடத்தில் ஏற்றலாம். விலை அதிகம்தான். ஒரு இயந்திரம் நின்றால் உதிரிபாகத்தை விமானத்தில் வரவழைக்கும் ஆலைகளுக்கு அது ஒரு தொகையா?

"ஊசி ஆபத்தாச்சே மிஸ்" என்பீர்கள். அந்தப் பயம் பழைய அயர்ன் டெக்ஸ்ட்ரான் காலத்தது. இப்போதைய மருந்துகளில் கடும் ஒவ்வாமை அரிது. இருந்தாலும் மருத்துவர் முன்னிலையில்தான் ஏற்ற வேண்டும், முடிந்து அரைமணி நேரம் கவனிக்க வேண்டும். காய்ச்சல், தொற்று இருக்கும்போது கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. ஃபெரிட்டின் பார்க்காமல் கேட்காதீர்கள். தலசீமியா கூறு உள்ளவருக்கு ரத்தம் குறைந்தே காட்டும், இரும்பு குறைந்திருக்காது. அதிக மாதப்போக்கு, மூலம், கொக்கிப்புழு என்று காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஏற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் எச்.ஆர்., லைன் லீடர், கான்ட்ராக்டர் என்று உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, இது உங்களுக்கு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டு, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. கெட்ட சோறு ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். சத்தில்லாத சோறு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தின்னும். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள், நல்ல காரியம். அத்தனை பேரையும் விரல் நுனியில் ஒரு குத்து குத்திப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? ஆலைக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் அரசு ஊழியரிடம் "இதையும் பாருங்கள்" என்று எழுதிக் கேட்க உங்களுக்கு என்ன தடை? 12-க்குக் கீழே என்றால் வேலையை விட்டு எடுக்கத்தான் பரிசோதனை என்று ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு பெண்ணும் விரலை நீட்ட மாட்டாள். அவள் செய்வதுதான் சரி. கான்ட்ராக்ட் பெண்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு டோஸ் ஏற்றியாயிற்று. மாடிப்படி ஏறினால் இப்போது மூச்சு வாங்கவில்லை என்கிறாள். வரும் வியாழன் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அரைநாள் லீவு கேட்டு மூன்று நாளாகிறது, சூப்பர்வைசர் இன்னும் பதில் சொல்லவில்லையாம். அவனும் நம் பள்ளிதான், 'சி' பிரிவு என்கிறாள். தம்பி, இதைப் படித்தால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.