வரிச் சட்டத்தின் கண்ணில் குடும்பம்

2019 ஜூலையில் நிதிநிலை அறிக்கையை வாசித்த நிர்மலா சீதாராமன், பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய புறநானூற்று அறிவுரையை எடுத்துரைத்தார். சங்கப் பாடல் ஒன்று நாடாளுமன்றத்தில் ஒலித்ததே என்று இலக்கிய வாசகர்களாகிய நாம் மகிழ்ந்தோம். யானை தானே வயலில் புகுந்து மேய்ந்தால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்னும் உவமையை நம்மில் அறியாதார் இலர். அரசன் எவ்வளவு கொள்ளலாம் என்பதே அப்பாடலின் அக்கறை. இன்றைய வருமான வரியைப் பொறுத்தவரை, அதற்கு இணையான இன்னொரு கேள்வியும் உண்டு. வரி செலுத்துபவரை நம்பி எத்தனை பேர் உண்கிறார்கள் என்பதைச் சட்டம் பார்க்கிறதா?

ஒரு காலத்தில் பார்த்தது. 1955ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சி.டி. தேஷ்முக், மணமானவர்க்கு 2000 ரூபாய் வரையும் மணமாகாதவர்க்கு 1000 ரூபாய் வரையும் வரியில்லை என்று வகுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைகளின் எண்ணிக்கையும் கணக்கில் சேர்ந்தது. அந்த வேறுபாடுகள் மறைந்த பின்னும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கழிவுகளில் குடும்பத்தின் சாயல் எஞ்சியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவக் காப்பீடு, மாற்றுத்திறனாளியான மகனையோ மகளையோ பேணும் செலவு ஆகியவற்றுக்கு அதில் இடமிருந்தது.

2020இல் அறிமுகமாகி, 2023இல் இயல்புநிலைத் தேர்வாக ஆக்கப்பட்ட புதிய வரிமுறையில் இவற்றுள் எதுவும் இல்லை. 'வேண்டுவோர் பழைய முறையையே தேர்ந்துகொள்ளலாமே' என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் 18 லட்சம் ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர், 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, செஸ் உட்படப் புதிய முறையில் செலுத்த வேண்டியது 1,50,800 ரூபாய். தனியாளாயினும், முதிய பெற்றோரையும் கடுமையான குறைபாடுள்ள குழந்தையையும் காப்பவராயினும் தொகை ஒன்றே. இரண்டாமவர் பழைய முறைக்குச் சென்று, நிலைக்கழிவு 50,000, சேமிப்புக்கு 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 75,000, குழந்தையின் பராமரிப்புக்கு 1,25,000 என நான்கு லட்சத்தைக் கழித்தாலும் வரி 2,41,800 ரூபாய் ஆகிறது. சலுகைகளைக் கேட்டுப் பெறுவதற்காக அவர் 91,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும்! வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப்படியும் பெரிதாக உள்ளவர்க்குக் கணக்கு மாறலாம். ஏனையோர்க்கு இது பெயரளவிலான தேர்வே.

இன்னொரு விந்தையும் உண்டு. கணவன், மனைவி இருவரும் தலா 9 லட்சம் சம்பளம் பெறும் வீட்டில் புதிய முறையின்படி வரி ஏதுமில்லை. ஒருவர் மட்டுமே அதே 18 லட்சத்தை ஈட்டும் வீட்டில் ஒன்றரை லட்சம். மற்றவர் வீட்டிலிருந்து நோயாளியைப் பேணும் உழைப்புக்குச் சட்டத்தின் ஏட்டில் வரியே இல்லை. இங்கு வரி என்பதை எப்பொருளில் கொண்டாலும் சரி.

அப்படியாயின், 1945 முதல் பிரான்சு செய்துவருவதுபோல், குடும்ப வருமானத்தைச் சேர்த்துத் தலைகளுக்கேற்பப் பகுத்து வரி விதிக்கலாமா? அதை நாம் பரிந்துரைக்கவில்லை. அம்முறையில் குறைவாக ஈட்டுபவரின் வருமானம் கணவனின் உயர்ந்த வரிவிகிதத்திலேயே சிக்கும். வேலைக்குச் செல்ல எண்ணும் பெண்ணுக்கு அதுவே தடையாகும். தன் பெயரில் தன் வருமானத்துக்குத் தானே கணக்குக் காட்டுவது பெண்கள் பெற்ற தனித்துவம். அதை இழத்தல் ஆகாது.

நாம் வேண்டுவது சிறிது. சேமிப்புக்கான சலுகை போனால் போகட்டும். சேமிக்க இயன்றவர்க்கே அது பயன்பட்டது. மாற்றுத்திறனாளியைப் பேணுதல், முதிய பெற்றோரின் மருத்துவம் என்னும் இரண்டுக்கு மட்டுமாவது புதிய முறையில் கழிவு வேண்டும். கணக்கு எளிமையாக இருக்க வேண்டும் என்னும் அரசின் வாதம் நியாயமானதே. ஆயினும் இரண்டு வரிகளைச் சேர்ப்பதால் எளிமை குலைந்துவிடாது.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007இல் இதே நாடாளுமன்றம் சட்டமியற்றியது. தவறினால் தீர்ப்பாயம் பராமரிப்புத் தொகை விதிக்கலாம். கடமையைச் சுமத்தும்போது குடும்பத்தைக் காணும் அரசு, வரி வாங்கும்போதும் அதைக் காண வேண்டும் என்பதே நம் வாதம்.