டைல்ஸ் அப்புறம்... முதல்ல பைப்பைப் பாருங்க!

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஆனால், டைல்ஸ் கடைக்குக் கிளம்பும் முன் இந்த வைத்தியன் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள். 'பைப் சமாசாரத்தில் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்றுதானே நினைக்கிறீர்கள்? வேலை இருக்கிறது.

ஒரு தாய் தன் பையனை அழைத்து வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் 'ஹெபடைட்டிஸ் ஏ' என்று வந்தது. கீழாநெல்லி, பத்தியம், ஓய்வு என்று பையன் தேறினான். நாலு வாரம் கழித்து அதே தாய், இந்தத் தடவை மகளோடு!

"வெளியில எதுவுமே வாங்கித் தர்றதில்லை ஐயா. அப்புறம் எப்படி?"

"வீட்டுத் தண்ணி எப்படிம்மா வருது?" என்று கேட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

முந்தின வருஷம்தான் பாத்ரூமைப் புதுப்பித்திருக்கிறார்கள். பளபளவென்று டைல்ஸ், புது கமோடு. ஆனால், 25 வருஷத்துப் பழைய ஜி.ஐ. பைப்பை மட்டும் 'இன்னும் கொஞ்ச நாள் வரட்டும்' என்று விட்டுவிட்டார்கள். அது சாக்கடைத் தொட்டியை ஒட்டிப் போகிறது. துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டை வழியே வெளியே கசியும். சப்ளை நின்று அழுத்தம் குறைந்தால், வெளியே தேங்கிய அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் புது டைல்ஸையே உடைத்துப் பைப்பை மாற்றினார்கள். செலவு இரண்டு மடங்கு. பிள்ளைகள் பட்ட பாடு தனி.

சாக்கடை கலந்த குடிநீர் சாதாரண விஷயமில்லை. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. குடிநீருக்கு எடுத்த யமுனைத் தண்ணீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம். அது 'ஹெபடைட்டிஸ் ஈ' என்று பின்னாளில் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு இது உயிராபத்து. அவர்களுக்குக் காமாலை கண்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே, கொத்தனாருக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். சுவரை எப்படியும் உடைக்கத்தானே போகிறீர்கள்? பைப் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். தெருவிலிருந்து சம்புக்கு வரும் பைப்பை இந்தச் சோதனை காட்டாது. அதை பிளம்பரை வைத்துத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

துருப்பிடித்த பைப்புக்கு ஒட்டுப்போடாமல், சி.பி.வி.சி. பைப்பாக மாற்றுங்கள். குடிநீர் பைப்பும் கழிவுநீர் பைப்பும் ஒட்டிப் போகக் கூடாது. குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் குடிநீர் பைப் மேலே இருக்கட்டும். சம்பையும் செப்டிக் டேங்கையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு போடச் சொல்லுங்கள். மேல்தொட்டிக்கு இறுக்கமான மூடி அவசியம். இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கு நீங்களே வீடு கட்டித் தந்த மாதிரி!

முக்கியமான விஷயம், டைல்ஸ் ஒட்டும் முன் பைப்பில் தண்ணீர் ஏற்றி 'பிரஷர் டெஸ்ட்' செய்யச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் பைப் போகும் பாதையைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது உங்கள் கையைக் காப்பாற்றும்!

'பட்ஜெட் இடிக்குதே டாக்டர்' என்பீர்கள். டைல்ஸில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருபவர்கள் டைல்ஸைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைகள் குடிப்பதோ சுவருக்குள் ஓடும் தண்ணீரை! வேலை முடியும் வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

என் அலமாரியில் எத்தனையோ மருந்து இருக்கிறது. ஓட்டைப் பைப்புக்கு மட்டும் மருந்து இல்லை!