கிரகணத் தீட்டும் தோல் தீட்டும்

2025ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 7ந் தேதி ராத்திரி, நம் நாடு முழுவதும் தெரியும்படியாகப் பூரண சந்திர கிரகணம் ஒன்று நடந்தது. பூமியின் நிழல் சந்திரனைக் கவ்வ ஆரம்பித்தது இரவு 10 மணிக்குச் சற்று முன்னால். திருப்பதி ஏழுமலையான் கோவிலிலோ அன்று பிற்பகலிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். உலகத்தையெல்லாம் காக்கிறவர் என்று சொல்லப்படுகிற சாமி, ஒரு நிழலுக்குப் பயந்து, அந்த நிழல் வருவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறதாம்! பக்கத்திலிருக்கிற காளஹஸ்திச் சாமிக்கு மட்டும் இந்தப் பயம் கிடையாது. கிரகணத்துக்கும் அங்கே கதவு சாத்துவதில்லை. ராகு கேது பூஜைக்குச் சீட்டு விற்கிற கோவில் அது. ராகுவுக்குப் பயந்து கடையை மூடினால் வியாபாரம் என்னாவது?

நிற்க, சாமிகள் பாடு எப்படியாவது போகட்டும். நம் மனிதர்கள் பாட்டைப் பார்ப்போம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வீடுகளில் கிரகணம் என்றால் இன்னும் என்ன நடக்கிறது? ஆக்கிய சோற்றைக் கொட்டுவதும், குடத்துத் தண்ணீரில் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போடுவதும், கர்ப்பிணியை அறையில் அடைத்துக் கத்தியைத் தொடாதே, ஊசியைத் தொடாதே என்று காவல் இருப்பதும், கிரகணம் விட்டதும் தலைக்கு முழுகுவதுந்தானே? இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டுப் பிள்ளையாண்டான் மொட்டை மாடியில் நின்று, செவ்வென்று சிவந்த சந்திரனைச் செல்போனில் படம் பிடித்துச் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அதே போனில் “கிரகண நேரத்தில் சாப்பிடாதீர்கள்” என்கிற தாக்கீதையும் சேர்த்து அனுப்புகிறான். கையில் இருப்பது இந்த நூற்றாண்டின் கருவி; தலையில் இருப்பது ராகு.

இதை வெறும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கிரகணம் என்பது நிழல்தான் என்று ஆரியபட்டர் கி.பி. 499லேயே எழுதி வைத்துவிட்டார். 628ல் பிரம்மகுப்தர், ராகுவை மறுப்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று அவர்மேல் பாய்ந்தார். பாய்ந்தவர் தம்முடைய கணக்கை எதை வைத்துப் போட்டார்? நிழலை வைத்துத்தான் போட்டார்! கணக்குக்கு நிழல், ஊருக்குப் பாம்பு. இந்த இரட்டை நாக்கைச் சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அல்பெரூனி என்கிற அன்னிய தேசத்து அறிஞர் கண்டு எழுதிப் போனார். இன்றைக்கும் பஞ்சாங்கக்காரர் கிரகணம் பிடிக்கிற நாழிகையையும் விடுகிற நாழிகையையும் முன்கூட்டியே அச்சுப்போட்டு விற்கிறாரே, பாம்பு அவருக்குக் காகிதம் எழுதிவிட்டா வருகிறது? நிழலின் கணக்குத் தெரிந்துகொண்டே பாம்பைக் காட்டித் தட்சணை வாங்குவதற்குப் பெயர் புரட்டு அல்லாமல் வேறென்ன?

அந்தக் கூட்டத்திலும் நேர்மையானவர்கள் இல்லாமல் போகவில்லை. சென்னை வானிலைக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1868ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் நேரில் பார்த்தவர். பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டுமென்று பாடுபட்டவர். அவர் பேச்சை எத்தனை புரோகிதர் கேட்டார்கள்?

முஸ்லிம் தோழர்களிடத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நபிகள் நாயகத்தின் சிறு பிள்ளை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்ததாகவும், அந்தச் சாவுக்காகத்தான் பிடித்தது என்று ஜனங்கள் பேச, யார் சாவுக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவரே மறுத்ததாகவும் அவர்களுடைய ஹதீஸ்களில் இருக்கிறது. தொழுகையைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அது தனிச் சங்கதி. பிள்ளையைப் பறிகொடுத்த நேரத்திலும் ஊராருடைய மூடப்பேச்சைத் தமக்குப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லையே, அந்த யோக்கியதைக்காகச் சொல்கிறோம். அப்படியிருந்தும் ஆம்பூர் முஸ்லிம் வீட்டுக் கர்ப்பிணியும் அறைக்குள் அடைபடுகிறாள் என்றால், பக்கத்து வீட்டு ராகு சுவர் ஏறிக் குதித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இனி, தோலுக்கு வருவோம். தோலைத் தொடுகிறவன் தீட்டுப்பட்டவன், தாழ்ந்தவன் என்று சொன்னதும் கிரகணத் தீட்டைச் சொன்ன அதே வாய்தான். அந்தத் தோல்தான் கிரகணத்தின் வேஷத்தைக் கலைத்தது என்றால் நம்புவீர்களா?

1871ஆம் வருஷம் டிசம்பர் 12ந் தேதி நம் நீலகிரி வழியாகப் பூரண சூரிய கிரகணம் ஒன்று போயிற்று. தொட்டபெட்டாவில் காமிராவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் மாடக்ஸ் என்கிற வைத்தியர், படத் தகட்டின்மேல் ஜெலட்டின் பூசும் வழியை வெளியிட்டார். ஜெலட்டின் என்பது என்ன? மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரப் பசையைச் சுத்தமாக்கினது. டேனரியில் தோலைச் சீவும்போது விழுகிற கழிவுத் துண்டிலிருந்தும் இதை எடுப்பதுண்டு. படம் பதிகிற வெள்ளி உப்பைத் தகட்டில் பிடித்து நிறுத்துவது இந்தப் பசைதான். 1920களில் கோடக் கம்பெனி ஆராய்ச்சிக்காரர் ஷெப்பர்டு, சில ஜெலட்டினில் மாத்திரம் படம் ஏன் சீக்கிரமாக விழுகிறது என்று தோண்டித் துருவியபோது, மாடு மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகம் தோலில் தங்கியிருப்பதுதான் காரணம் என்று கண்டார். மாடு மேய்ந்த கடுகுக்கும் சினிமாப் படத்துக்கும் அவ்வளவு சம்பந்தம்!

1919 மே 29ந் தேதி சூரியன் மறைந்த சில நிமிஷங்களில் எடிங்டன் கோஷ்டியார் பிரின்சிப்பித் தீவிலும் பிரேசிலிலும் எடுத்த படங்கள் இப்பேர்ப்பட்ட தகடுகளில் எடுக்கப்பட்டவையே. நட்சத்திர வெளிச்சம் சூரியன் பக்கத்தில் வளைகிறது என்கிற ஐன்ஸ்டீன் கணக்கு உண்மையென்று அவற்றிலிருந்துதான் தெரிந்தது. இன்றைய செல்போனில் இந்தப் பசை கிடையாது. ஆனால் பூஜை அறையில் மாலை போட்டு மாட்டியிருக்கிறார்களே தாத்தாவின் பழைய போட்டோ, அதன்மேல் இருப்பது இதுதான். பசை பூஜை அறையில் இருக்கலாம். தோலை உரித்துக் கொடுத்தவன் மாத்திரம் வாசலுக்கு வெளியே! 2022 மே மாதத்தில் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைச் சாக்குச் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுத் தோலுக்கு எந்த நாளிலாவது இடமில்லை என்று சொன்னதுண்டா?

கிரகணத்தால் தண்ணீர் கெடுகிறது என்கிறார்களே, தண்ணீர் உண்மையில் கெட்ட கதை பாலாற்றங்கரையில் இருக்கிறது. டேனரிக் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டிலும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. ராணிப்பேட்டையில் 1995ல் மூடிய குரோமேட் தொழிற்சாலை ஒன்று லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. 2015 ஜனவரி 31ந் தேதி அதே ஊரில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். அன்றைக்குக் கிரகணம் இல்லை. எந்தப் பஞ்சாங்கமும் அன்றைக்குத் தீட்டு என்று எழுதவில்லை. தர்ப்பைப் புல்லுக்கு நஞ்சை முறிக்கும் சக்தி இருக்குமானால், புரோகிதர்கள் ஒரு வண்டித் தர்ப்பையைக் கொண்டுவந்து பாலாற்றில் போட்டுக் காட்டட்டுமே! கிரகணம் பிடித்த தண்ணீரை நாம் குடிக்கத் தயார். ராணிப்பேட்டைக் கழிவு ஊறிய கிணற்றுத் தண்ணீரில் தர்ப்பை போட்டு அவர்கள் குடிக்கத் தயாரா?

நம் பெண்களுக்கும் சொல்கிறோம். பூட்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுதும் கத்தியும் ஊசியுமாய்த் தோல் தைத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவள், கிரகண நேரத்தில் ஊசியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று பயப்படுகிறாள். பிள்ளைக்காகப் பயப்பட வேண்டியது பசை நெடி நிறைந்த, காற்றோட்டமில்லாத அறைக்கு. பிரசவத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கிற சம்பளத்தோடு கூடிய லீவைக் கேட்டால் முறைக்கிற முதலாளிக்கு. சந்திரனுக்கு அல்ல.

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கேயுள்ள வானாராய்ச்சிக் கூடத்தில் 1972ல் வியாழனுடைய சந்திரன் ஒன்று நட்சத்திரத்தை மறைத்ததைக் கவனித்தார்கள், 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு, 1986ல் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. காளஹஸ்திக்குக் கட்டுகிற பஸ் கட்டணத்தில் ஒரு தடவை பிள்ளைகளை அந்த மலைக்குக் கூட்டிப் போகலாம்.

2031 மே 21ந் தேதி மதுரைப் பக்கத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரியும். வேலூர், ஆம்பூரில் சூரியனின் பெரும்பகுதி மறையும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. அது கண்ணைச் சுட்டுவிடும் என்பது மெய். அதற்குப் பரிகாரம் செருப்புத் தைக்கிற தோழரிடம் இருக்கிறது. அவருடைய குத்தூசியை வாங்கி ஒரு கெட்டி அட்டையில் சிறு துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையை வெயிலில் பிடித்து, அந்தத் துளை வழியாகச் சுவரில் விழுகிற வெளிச்சத்தைப் பாருங்கள். கடித்த தோசை மாதிரி சூரியன் தெரியும். காமிரா பிறந்ததும் இந்தத் துளையிலிருந்துதான். கர்ப்பிணிகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.