எரர் மாறிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?

ராத்திரி மணி 1. காலையில 9 மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. டீம்ல நாலு பேர், ஒரு லேப்டாப், ஸ்பிரிங் பூட்ல எழுதின ஒரு மெஸ் டோக்கன் அப்ளிகேஷன். ரன் கொடுத்தா 'அப்ளிகேஷன் ஃபெயில்டு டு ஸ்டார்ட்'னு சொல்லிட்டு நின்னுடுது. இந்த ராத்திரி உங்களுக்கும் வந்திருக்கும், இல்லைன்னா ஃபைனல் இயர் முடியறதுக்குள்ள வரும். அன்னைக்கு நாங்க பண்ணின கூத்தை அப்படியே சொல்றேன். ஏன்னா அதே கூத்தை எல்லா டீமும் பண்ணுது.

முதல்ல வந்த எரர், டேட்டாசோர்ஸை கான்ஃபிகர் பண்ண முடியலை, யூஆர்எல் கொடுக்கப்படலைன்னு சொன்னது. நாங்க முழுசா படிக்கலை. தேடினதும் ஒரு பதில் கிடைச்சது: மெயின் கிளாஸ்ல டேட்டாசோர்ஸ் ஆட்டோ கான்ஃபிகரேஷனை எக்ஸ்க்ளூட் பண்ணிடு. பேஸ்ட் பண்ணினோம். எரர் போயிடுச்சு! அதாவது, அந்த எரர் போயிடுச்சு. இப்போ டோக்கன் சர்வீஸோட கன்ஸ்ட்ரக்டர்ல 'பாராமீட்டர் 0'க்கு டோக்கன் ரெப்பாசிட்டரி வகை பீன் வேணும், அது கிடைக்கலைன்னு புதுசா ஒண்ணு. (0ன்னா முதல் ஆர்க்யுமென்ட். அதுவே எங்களுக்கு அப்போ தெரியாது.) ரெப்பாசிட்டரி இன்டர்ஃபேஸ் மேல ஒரு அனோடேஷன் ஒட்டினோம். மாற்றம் இல்லை. இன்னொண்ணு ஒட்டினோம். ம்ஹும். அப்புறம் ஜேபிஏ ரெப்பாசிட்டரிகளை எனேபிள் பண்ணும் அனோடேஷனை மெயின் கிளாஸ்ல போட்டோம். எரர் மறுபடி மாறிச்சு: 'என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரி'ங்கிற பீன் இல்லையாம். "மச்சான், எரர் மாறுதுடா, நெருங்கிட்டோம்!"னு ஒருத்தன் கத்தினான்.

நெருங்கலை. ஒவ்வொரு பேஸ்ட்டுக்கும் உண்மையான காரணத்தை விட்டு ஒரு படி தள்ளிப் போயிட்டிருந்தோம்.

டிபெண்டன்சி இன்ஜெக்ஷனை மெஸ்ஸை வச்சே புரிஞ்சுக்கலாம். சமையல் மாஸ்டர் மார்க்கெட்டுக்குப் போறதில்லை. "எனக்குத் தக்காளி வேணும்"னு இண்டென்ட் எழுதிக் கொடுப்பார், ஸ்டோர்ல இருந்து வரும். அதே மாதிரி ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதை 'நியூ' போட்டுத் தானே உருவாக்காது. கன்ஸ்ட்ரக்டர்ல கேட்கும், கன்டெய்னர் செஞ்சு கொடுக்கும். 2004ல மார்ட்டின் ஃபவுலர் எழுதின கட்டுரைக்கு அப்புறம் இந்தப் பேர் பரவலா நிலைச்சது. இப்போ தக்காளி வரலைன்னு வைங்க. சமையற்கட்டுல இருந்துதான் சத்தம் வரும். ஆனா தப்பு சமையற்கட்டுலயா இருக்கு? ஸ்டோர்ல இருக்கலாம், லாரியில இருக்கலாம், பில் கட்டாம விட்டதுல இருக்கலாம். எரர்ல பேர் வர்ற கிளாஸ் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பார்ட்டிதான், குற்றவாளி இல்லை. நாங்க விடிய விடிய மாஸ்டரைத் திட்டிட்டு இருந்தோம்.

எங்க கேஸ்ல சங்கிலி இதுதான். ரெப்பாசிட்டரி ஒரு இன்டர்ஃபேஸ்தான், அதுக்கு உருவம் கொடுக்கறது ஸ்பிரிங் டேட்டா. டேட்டாசோர்ஸ்னு ஒரு பீன் இருந்தாதான் பூட் அந்த வேலையைத் தானா ஆரம்பிக்கும். அந்த டேட்டாசோர்ஸையே நாங்க எக்ஸ்க்ளூட் பண்ணிட்டோம்! அப்புறம் ரெப்பாசிட்டரி எப்படி வரும்? அப்போ யூஆர்எல் ஏன் இல்லை? அப்ளிகேஷன் டாட் ப்ராபர்ட்டீஸ் ஃபைல்ல எழுதியிருந்ததே! ஃபோல்டரை ஒழுங்குபடுத்தறேன்னு எங்க டீம் நண்பன் அதை ரிசோர்சஸ் ஃபோல்டர்ல இருந்து ஜாவா ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தான். அங்க இருந்து மேவன் அதைக் காப்பி பண்ணாது. அவன் லேப்டாப்ல மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. ஏன்னா டெர்மினல்ல மேவன் வச்சு ஓட்டறவன் அவன். டார்கெட் ஃபோல்டர்ல பழைய காப்பி அப்படியே கிடந்தது, அவன் கிளீன் பண்ணவே இல்லை. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சத்தியம் பண்ணினான் பாவம், அது உண்மைதான்.

முதல் எரரை ஒழுங்கா ஒரு தடவை படிச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். அனோடேஷன் தெரியாததால நாம மாட்டிக்கறதில்லை. எரரை வாயடைக்கற வரியைத் தேடறோம், அங்கதான் மாட்டிக்கறோம். இன்னொரு உதாரணம், சர்க்குலர் ரெஃபரன்ஸ். ஆர்டர் சர்வீஸுக்கு பேமென்ட் சர்வீஸ் வேணும், பேமென்ட்டுக்கு ஆர்டர் வேணும். 2021ல வந்த ஸ்பிரிங் பூட் 2.6ல இருந்து இதை டிஃபால்ட்டா அனுமதிக்கறதில்லை. ப்ராபர்ட்டீஸ்ல ஒரு வரி போட்டா பழையபடி அனுமதிச்சுடும். அந்த வரி நம்ம பேட்ச்ல பல ப்ராஜெக்ட்ல இருக்கு, கண்ணால பார்த்தேன். ரெண்டு பேருக்கும் பொதுவான வேலையை மூணாவது ஒரு கிளாஸுக்கு எடுத்துட்டுப் போனா சிக்கலே இல்லை. ஆனா அதுக்கு அரை மணி நேரம் யோசிக்கணும்.

ஃபீல்டு மேல ஆட்டோவயர்டு போடறதையும் இதே லிஸ்ட்ல சேர்ப்பேன். சுருக்கமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா யாராவது அந்தக் கிளாஸை எங்கேயாவது 'நியூ' போட்டு உருவாக்கினா கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது. ஓடும்போது நல் பாயின்ட்டர்தான். கன்ஸ்ட்ரக்டர்ல வாங்கினா அங்கேயே மாட்டிக்கும். ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருக்கற கிளாஸுக்கு ஸ்பிரிங் 4.3ல இருந்து ஆட்டோவயர்டே தேவையில்லை, அப்புறம் என்ன சோம்பேறித்தனம்? ஆரம்பத்துலயே செத்துப்போற அப்ளிகேஷன் நமக்கு நல்லதுதான் பண்ணுது. ஏஎஸ்பி டாட் நெட் கோர்ல வேலை பார்க்கற சீனியர்கிட்ட கேளுங்க. கன்ட்ரோலருக்கு வேண்டிய சர்வீஸை ரெஜிஸ்டர் பண்ண மறந்தா, பல நேரம் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் வெடிக்கும். டெமோல எக்ஸ்டர்னல் கிளிக் பண்ணும்போது!

நம்ம லேப் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. டிபெண்டன்சி இன்ஜெக்ஷனோட டெஃபனிஷன் ரெண்டு மார்க். ரெக்கார்டுல அவுட்புட் ஸ்க்ரீன்ஷாட் இருந்தா கையெழுத்து. உடைஞ்ச ப்ராஜெக்ட் ஒண்ணைக் கையில கொடுத்து "இது ஏன் ஓடலை, காரணம் எழுது"ன்னு இதுவரை ஒரு எக்சர்சைஸ்கூட எனக்கு வரலை. மெயின் கிளாஸ் இருக்கற பேக்கேஜுக்கு வெளியில ஒரு சர்வீஸை வைங்க, கன்டெய்னர் கண்ணுல அது படாது. ஒரே இன்டர்ஃபேஸுக்கு ரெண்டு கிளாஸ் வைங்க, எதைக் கொடுக்கறதுன்னு அது முழிக்கும். இப்படி நாலு ப்ராஜெக்டை உடைச்சுக் கொடுக்க ஒரு ஸ்டாஃபுக்கு அரை நாள் ஆகுமா? செமஸ்டருக்கு ஒரு லேப் அவர் இதுக்கு ஒதுக்கலாம்னு டிபார்ட்மென்ட்ல கேட்கப் போறேன். கூட வர்றவங்க வாங்க.

அதுவரைக்கும், இன்னைக்கு ராத்திரி ரிவ்யூ இருக்கறவங்களுக்கு: புதுசா எதையும் ஒட்டறதுக்கு முன்னாடி, இதுவரைக்கும் ஒட்டினதை எல்லாம் கிட்ல ரிவெர்ட் பண்ணுங்க. மேவன் கிளீன் கொடுங்க. முதல் எரர் மறுபடி வரட்டும். நீளமான ஸ்டாக் ட்ரேஸா வந்தா கீழ இருந்து மேல படிங்க, கடைசி 'காஸ்டு பை' வரியில இருந்து. யார் கேட்டாங்க, யார் கொடுத்திருக்கணும், அவங்க ஏன் கொடுக்கலைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மூணாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா 'டீபக்' ஆப்ஷனோட ஓட்டுங்க, எந்த ஆட்டோ கான்ஃபிகரேஷன் எதனால சேரலைன்னு பூட்டே ஒரு பெரிய லிஸ்ட் போடும். நாங்க அதைப் பார்த்தது விடிகாலை 4 மணிக்கு.