கல்லும் திருமேனியும்

விருத்தாசலம், தேவாரம் பாடிய மூவரும் திருமுதுகுன்றம் என்று போற்றிய தலம். செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய அக்கோயிலின் சுவர்க் கோட்டத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் களவுபோனார். 2004-இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், அவ்வாறே களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரோடு அவரையும் டெல்லியில் திருப்பி ஒப்படைத்தார்.

ஆங்கிலச் செய்தித்தாள்கள் பல இவர்களை ‘ஐடல்’ என்று எழுதின. கிரேக்க ‘ஐடோலோன்’ என்பதே அச்சொல்லின் வேர். உருவம், நிழல், மாயத்தோற்றம் என்பன அதன் பொருள். ஹோமரின் காவியங்களில் அது இறந்தோரின் ஆவியுருவைக் குறித்தது. எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பிற தெய்வங்களின் உருவங்களுக்கு அதையே இட்டார்கள். அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘பொய்த் தெய்வம்’ என்ற தீர்ப்பும் கூடவே வந்தது. தமிழ் விவிலியம் அதற்கு ‘விக்கிரகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. உடல், வடிவம் என்று பொருள்படும் வழிபாட்டுச் சொல் இப்படித்தான் கண்டனத்தையும் சுமக்க நேர்ந்தது.

கல்லில் கடவுள் உண்டா என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல, சித்தர் சிவவாக்கியர் கேட்காததா? வழிபடுவோரும் கல்லையும் கடவுளையும் குழப்பிக்கொண்டதில்லை. சிற்பி கண் திறந்து, குடமுழுக்கு ஆன பிறகே அது திருமேனி. திருப்பணிக் காலத்தில் பாலாலயம் செய்து, தெய்வ ஆற்றலைக் கலசநீருக்கு மாற்றுகிறார்கள். பணி முடிந்ததும் மீண்டும் எழுந்தருளச் செய்கிறார்கள். கருவறையில் இருப்பவர் மூலவர், வீதியுலா வருபவர் உற்சவர். இவை தெய்வத்துக்கும் வழிபடுவோருக்கும் உள்ள உறவைச் சொல்லும் பெயர்கள்.

சட்டமும் இந்த உறவை ஏற்றிருக்கிறது. வழிபடப்படும் தெய்வத் திருமேனி சட்டத்தின் முன் ஓர் ஆள் என்று 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் பற்றிய வழக்கில், கோயிலே வழக்காடலாம் என்று 1991-இல் ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. அந்த நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

ஆனால் திருடனுக்கும் தரகனுக்கும் திருமேனி என்பது விலையுள்ள கல், விலையுள்ள உலோகம். சிட்னிக்குப் போனது விருத்தாசலத்துத் திருமேனிதான் என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். அப்படிப்பட்ட படம் எத்தனை சிற்றூர்க் கோயில்களுக்கு இருக்கிறது? மீட்கப்பட்ட திருமேனிகள் பல, பூசையின்றிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொரு கோயிலின் திருமேனிகளையும் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மீட்கப்பட்டவர்களைத் தக்க காவலோடு அவரவர் கோயிலில் மீண்டும் எழுந்தருளச் செய்ய வேண்டும். அரசும் ஊராரும் சேர்ந்து இதை இப்போதே தொடங்குவோம்.