சங்குக்கும் இருட்டுக்கும் இடையில் ஒரு திடல்

வேலை, வீடு, தண்ணீர், மருத்துவம் ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனம் தந்து, அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் தன் கையிலேயே வைத்திருக்கும் ஊரை ‘நிறுவன நகரம்’ என்று சமூகவியலார் வழங்குவர். அத்தகைய ஊரில் விளையாட்டுத் திடலும் நிறுவனத்தின் சொத்தாகவே இருப்பதால், அங்கே ஆடப்படும் ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஏழைகளின் கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. கோலார் தங்கவயலின் வடபகுதியில் உள்ள நந்திதுர்க் சுரங்கமும், அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளும், அவற்றில் வேரூன்றிய கால்பந்துப் பற்றும் இந்தச் சிக்கலை ஆராய்வதற்கு உரிய களமாகும்.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் காலூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று அடுத்தடுத்துச் சுரங்கங்கள் ஆழமாயின. தாதுப் பஞ்சத்தால் நொறுங்கியிருந்த வட ஆர்க்காட்டிலிருந்தும், அதை ஒட்டிய சித்தூர், சேலம் வட்டாரங்களிலிருந்தும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் பல்லாயிரவராக அங்கே குடிபெயர்ந்தனர். நிலத்துக்கு மேலே எழுந்த ஊரின் அமைப்பு நிலத்துக்கு அடியில் இருந்த வேலைப் பிரிவினையை அப்படியே பிரதிபலித்தது: ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், மேற்பார்வைப் பணிகளில் இருந்த ஆங்கிலோ இந்தியருக்குத் தனிக் குடியிருப்புகள், சுரங்கத்துக்குள் இறங்குவோருக்கு மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு வரிசையாகக் கட்டப்பட்ட ‘லைன்’ வீடுகள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டபோது, பெங்களூரு நகரத் தெருக்களுக்கே அது வந்து சேர்ந்திருக்கவில்லை; அதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. ஆயினும் முதலில் அந்த மின்சாரம் இயந்திரங்களுக்குத்தான் போயிற்று. இயந்திரங்களை இயக்கியவர்களின் வீடுகள் அதன்பின் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன.

ஆட்டங்களும் இதே அடுக்குகளின்படிதான் பிரிந்து நின்றன. கோல்ஃப் திடலும் டென்னிஸ் களமும் கொண்ட கிளப் ஐரோப்பியரின் உலகம். ஹாக்கி மட்டை ஆங்கிலோ இந்திய இளைஞரின் அடையாளம். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்தது கால்பந்து. கோல்ஃபுக்குப் புல் வளர்த்துத் தண்ணீர் பாய்ச்சிய பரந்த நிலம் வேண்டும், டென்னிஸுக்கு மட்டையும் வலையும் வேண்டும்; கால்பந்துக்கோ ஒரு பந்தும் இரு பக்கமும் நட்ட கம்புகளும் இருந்தால் போதும், காலணிகூடத் தேவையில்லை. பகல் ஷிஃப்ட் முடிந்ததைச் சங்கு ஊதி அறிவித்த பிறகு இருட்டு விழும்வரை கிடைத்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் தொழிலாளி தன் உடலைத் தன் விருப்பப்படி இயக்கிய நேரம். கேஜ் எனப்பட்ட கூண்டில் அடைந்து, பூமிக்குள் நெடுந்தூரம் இறங்கி, பாறை எந்த நேரத்தில் வெடிக்குமோ என்ற அச்சத்தோடு வெக்கையில் வேலை செய்து மேலே வந்தவனுக்குத் திறந்த வானத்தின் கீழ் ஓடுவது என்ன பொருள் தந்திருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளாத எந்த ஆய்வும் முழுமையாகாது.

நிறுவனம் இந்த ஆர்வத்துக்குத் தடை போடவில்லை. மாலையில் திடலில் கூடும் கூட்டம் தொழிற்சங்கக் கூட்டத்தைவிட ஆபத்தற்றது என்று உலகெங்கும் சுரங்க முதலாளிகள் கணக்கிட்டிருக்கின்றனர். தங்கவயலிலும் அந்தக் கணக்கு இருந்திருக்காது என்று நம்புவதற்குக் காரணமில்லை. தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் தொழிலாளரின் உடலைச் சோதனையிடும் வழக்கம் அங்கே நாள்தோறும் நடந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அடுத்த பதினாறாம் ஆண்டில், 1946 நவம்பர் 4 அன்று, நீண்ட போராட்டம் ஒன்றின் நடுவே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கால்பந்து மக்களை மயக்கி வைத்திருந்தது என்று வாதிடுவோர் இந்த ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு வலுவான கிளை அமைத்து, 1926-இல் அவரது ‘தமிழன்’ இதழை மறுபடியும் தங்கள் மண்ணிலிருந்தே வெளிக்கொணர்ந்து, இரவுப் பள்ளியும் சங்கமும் நடத்திய மக்கள்தான் மாலையில் பந்தும் ஆடினர். திடலில் பதினொருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் நம்பி ஆடப் பழகியது சங்கம் கட்டுவதற்கும் உதவியிருக்கும் என்று கருதுவதே அந்த மக்களின் வரலாற்றோடு பொருந்துகிறது.

ஆட்டத்தின் மீதான பற்று சமத்துவமின்மையோடு எப்படிப் பின்னிக்கொள்கிறது என்பதை விளக்க, ஒரே தொழிலை நம்பிய, உலகறிந்த இன்னொரு நகரத்தையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒடெஸ்ஸா எண்ணெய்க் கிணறுகளை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே ஆடப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. பெர்மியன் உயர்நிலைப் பள்ளி அணியின் 1988-ஆம் ஆண்டுப் பருவத்தை அருகிருந்து பார்த்து எச்.ஜி. பிசிஞ்சர் எழுதி 1990-இல் வெளிவந்த நூல் அந்த ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சுமார் 90,000 பேர் வாழ்ந்த ஊரில், பள்ளி மாணவர் ஆடுவதற்காக 1982-இல் 56 லட்சம் டாலர் செலவில், 19,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம் கட்டப்பட்டது. ஒரே பருவத்தில் அணி வெளியூர் சென்று வருவதற்குத் தனி விமானங்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை 70,000 டாலர். அதே பள்ளியில் ஆங்கிலத் துறையின் கற்பித்தல் பொருள்களுக்கு ஒதுக்கப்பட்டது 5,040 டாலர். எண்ணெய் விலை சரிந்து ஊரே வேலையிழந்து தவித்த ஆண்டுகளில்தான் விமானத்துக்கும் ஆங்கிலத் துறைக்குமான இந்தக் கணக்குகள் எழுதப்பட்டன.

நிறவெறியின் பங்கு இதைவிடக் கொடியது. கறுப்பின மாணவரையும் வெள்ளையின மாணவரையும் ஒரே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் 1980-களின் தொடக்கம்வரை அந்த ஊரில் தட்டிக்கழிக்கப்பட்டது. கடைசியில் பள்ளி எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது, எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு என்ற சர்ச்சையில் கறுப்பின மாணவரின் ஓட்டத் திறமையும் ஒரு பொருளாக எடைபோடப்பட்டது. அந்த அணியின் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்த ஜேம்ஸ் ‘பூபி’ மைல்ஸ் என்ற கறுப்பின மாணவருக்குப் பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அதோடு பல்கலைக்கழகங்களின் அழைப்புகள் நின்றன, ஊரின் அன்பும் நின்றது. அவர் ஓடிக்கொண்டிருந்தவரை அவரது படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஓட முடியாமற்போன பிறகு கேட்பதற்கு ஆளே இல்லை.

ஒடெஸ்ஸாவையும் தங்கவயலையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. அங்கே ஆட்டத்துக்கு ஊர்ப் பணம் கொட்டியது. இங்கே கிழிந்த பந்தைத் தைத்துத் தைத்து ஆடினர். ஆனால் இரண்டு இடங்களிலும் ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த வாசல் ஒன்றே ஒன்று, அதன் சாவி பிறர் கையில். அமெரிக்காவில் அந்த வாசலின் பெயர் கல்லூரி உதவித்தொகை. இந்தியாவில் அதன் பெயர் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, அதாவது அரசுத் துறைகளும் பொதுத்துறை ஆலைகளும் தத்தம் அணிகளுக்கு ஆடுவதற்காகவே இளைஞரை எடுத்து நிரந்தரப் பணி தரும் ஏற்பாடு.

கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நிற்கின்றன. 1940-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரத் துரைமார் தொடங்கிவைத்த ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டியில் இன்றும் எஸ்டேட் வாரியாக அணிகள் மோதுகின்றன. ஆட்ட நாளில் மலைமேலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் குடையும் கம்பளியுமாகப் பழைய மூணாறு திடலுக்குத் திரண்டு வருகின்றன. குண்டளை எஸ்டேட்டா, நெட்டிமுடி எஸ்டேட்டா என்று குரல்கள் பிரியும்போது அதிகாரியும் கொழுந்து பறிப்பவளும் ஒரே அணிக்காகக் கத்துவது உண்மை. அதே தோட்டங்களில்தான் 2015 செப்டம்பரில் ‘பெண்கள் ஒற்றுமை’ எனத் திரண்ட தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸை 20 சதவீதமாக்கக் கோரியும், 232 ரூபாய் நாட்கூலியை உயர்த்தக் கோரியும் நாட்கணக்கில் மூணாறைத் தம் வசம் வைத்திருந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளை மூடியபோது 70 பேர் இறந்தனர். கேடயத்தின் மீது எஸ்டேட்டின் பெயர் பொறிக்கப்படுகிறது. நூறாண்டு கடந்தும் வீட்டின் மீது தொழிலாளியின் பெயர் எழுதப்படவில்லை. திடலில் கிட்டும் சமத்துவம் பொய்யன்று, ஆனால் அது நடுவரின் கடைசி விசிலோடு முடிந்துவிடுகிறது என்பதை மூணாற்றின் பெண்கள் எந்த அறிஞரைவிடவும் தெளிவாகக் காட்டினர். அந்தத் திடலில் அவர்கள் ஆட்டக்காரராக அன்றிப் பார்வையாளராகவே எப்போதும் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தங்கவயல் இளைஞருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்ற அந்த ஒற்றை வாசல் பெங்களூரில் இருந்தது. அல்சூரும் அதை ஒட்டிய கௌதமபுரமும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள். கௌதமபுரத்தில் புத்தருக்கும் அம்பேத்கருக்கும் அன்னை தெரசாவுக்கும் இணையாகப் பெலேவுக்குச் சிலை நிற்கிறது. ஒரு சேரி தன் வழிகாட்டிகளின் வரிசையில் ஒரு கறுப்பினக் கால்பந்து வீரரைச் சேர்த்துக்கொண்டதில் ஆட்டத்தைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 2-1 என்று தோற்றபோது, இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூருத் தமிழர் சாரங்கபாணி ராமன். மைசூர் மாநில அணி வங்காளத்தை வீழ்த்திச் சந்தோஷ் கோப்பையை 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் நான்கு முறை வென்றது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் தம் அணிகளுக்கு ஆள் எடுத்த காலம் வரை, சுரங்கத்துக்குள் இறங்கிய தந்தையின் மகன் சுரங்கத்துக்கு வெளியே மாதச் சம்பளம் பெறுவதற்குப் பந்து ஒரு வழியாக இருந்தது. எனினும் அந்த வழி எத்தனை குறுகியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஓர் அணிக்குப் பதினொருவர், ஆண்டுக்கு ஓரிருவருக்கே புதிய இடம், லைன்களில் ஆடிய பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில். வாசலுக்குள் நுழையாதவர்கள் எந்தக் கூண்டிலிருந்து விலகி ஓடினார்களோ அதே கூண்டுக்குத் திரும்பினர்.

பின்னர் அந்தக் கூண்டும் நின்றுபோயிற்று. 1956-இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962-இல் மத்திய அரசின் கைக்கு மாறி, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-உடன் மூடப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் பொதுத்துறை ஆலைகள் ஆட்குறைப்பில் இறங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுப்பதைச் சுருக்கின. தொழிலும், தொழிலிலிருந்து தப்பிக்கும் வழியும் ஒரே தலைமுறையின் கண்ணெதிரே அடைபட்டன. இவற்றில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் ஊர் சமாளித்திருக்கக்கூடும்.

சுரங்கம் விட்டுச்சென்றவற்றில் மிகப் பெரியது ‘சயனைடு மேடு’ என்று மக்கள் அழைக்கும் கழிவுக் குன்றுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த பாறைத் துகள், 13 மேடுகளாக, 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்று வீசினால் அந்தச் சாம்பல் நிறத் துகள் லைன் வீடுகளின் அடுப்படிவரை வந்து படிகிறது. பாறைத் தூசி நுரையீரலில் தங்கி மூச்சை இறுக்கும் சிலிகோசிஸ் நோயால் மூத்த தலைமுறை ஏற்கெனவே வதைபட்டது. அந்த மேடுகளின் அடிவாரத்துச் சமவெளியில் பந்தோ மட்டையோ எடுத்து ஓடும் பிள்ளைகள், தந்தை பூமிக்குள் சுவாசித்ததை வெட்டவெளியில் சுவாசிக்கின்றனர்.

2024 ஜூன் மாதம், இந்தக் கழிவு மேடுகள் இருக்கும் 1,003 ஏக்கர் நிலத்தில் மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. ஒரு டன் கழிவில் ஏறத்தாழ ஒரு கிராம் தங்கம் கிடைக்கும் என்பது கணக்கு. மேடுகளைத் தோண்டுமுன் அவற்றின் தூசி எவர் நுரையீரலுக்குப் போகும் என்ற கணக்கும் போடப்பட வேண்டும். குடியிருப்புகளை ஒட்டிய திடல்கள் சுரங்க நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு நகராட்சியின் பெயரில் பொதுச் சொத்தாக எழுதப்பட வேண்டும். பிரித்தெடுக்கும் தங்கத்தின் வருவாயில் ஒரு பங்கு அவற்றுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் சேர வேண்டும். நூறாண்டுக்கு மேலாக அந்த மண்ணில் தங்கம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்பது சலுகை கோருவதாகாது.

திடல் மட்டும் மீண்டால் போதாது, அதில் ஆடுவதற்கு நேரமும் மீள வேண்டும். இப்போது தங்கவயலின் உழைப்பாளர் கூட்டம் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, நெடுந்தூரம் கடந்து பெங்களூரின் கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நாள்தோறும் போய் வருகிறது. பள்ளிப் படிப்பை முடித்த மறுமாதமே அந்த ரயிலில் ஏறும் இளைஞனுக்குச் சங்குக்கும் இருட்டுக்கும் இடையே அவன் பாட்டனுக்கு இருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் இல்லை. மாலை ரயில் மாரிக்குப்பம் வந்து நிற்கும்போது திடலில் பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிவிடுகிறது.