தடுத்தது டேட்டாபேஸ் அல்ல



போன கிழமை என்னிடம் படித்த தம்பி ஒருவர் கோல் எடுத்தார். பள்ளிவாசல் ஒன்றின் ஸகாத் பதிவுக்காக அவரும் கூட்டாளிமாரும் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை 25 கம்பியூட்டர் உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் உட்கார்ந்து மஹல்லா விபரங்களைப் பதியத் தொடங்கினார்களாம். 20 மெஷின் ஓடியது. 21ஆவதில் புரோகிராம் திறக்கவே இல்லை.

"சேர், போட்டிருக்கிறது எஸ்கியூஎல் சேர்வர் டிவலப்பர் எடிசன். சும்மா தாறதுதானே, அதால கனெக்சனுக்கு லிமிட் வெச்சிருக்கான் போல. கிரக் ஒண்டு இருக்காம், போடட்டா?"

வேண்டாம் என்றேன். காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை இதே மாதிரி வேலை செய்யும் பிள்ளைகள் இருப்பதால் காரணத்தை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவது, டிவலப்பர் எடிசனில் அப்படி ஒரு லிமிட் இல்லை. மைக்ரோசொப்ட் அதை 2016 முதல் இலவசமாகத் தருகிறது. பெருந்தொகைக்கு விற்கும் என்டர்பிரைஸ் எடிசனில் உள்ள எல்லாமே அதில் உண்டு. 32,767 கனெக்சன் வரை ஏற்கும். இவர்களைத் தடுத்தது விண்டோஸ். புரோகிராமை ஷெயார் ஃபோல்டரில் வைத்து எல்லோரும் அதைத் திறந்திருக்கிறார்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 மெஷினின் ஃபோல்டரை ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் திறக்க விடாது. கிரக் போட்டிருந்தால் 21ஆவது மெஷின் அப்போதும் திறந்திராது, வைரஸ் மட்டும் வந்திருக்கும்.

இந்தத் தப்பபிப்பிராயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. எஸ்கியூஎல் சேர்வர் 2000 காலத்தில் எம்எஸ்டிஈ என்று ஓர் இலவசப் பதிப்பு வந்தது. ஒரே நேரத்தில் வேலை கூடினால் அது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும். அந்தக் கதைதான் இன்னும் வாய்வழியாக ஓடுகிறது.

எனக்குப் பெரிதாகப் பட்டது இரண்டாவது விடயம். டிவலப்பர் எடிசனை எழுதிப் பழகவும், சோதிக்கவும், செய்து காட்டவும் மட்டும்தான் தருகிறார்கள். உண்மையான குடும்பங்களின் உண்மையான விபரத்தை வைத்து நடத்த அதில் அனுமதி இல்லை. பூட்டு ஒன்றும் கிடையாது, சம்மதம் என்று நாம் அழுத்திய பொத்தான் மட்டும்தான் இருக்கிறது.

"மட்டக்களப்புக்கு வந்து யார் சேர் பார்க்கப் போறான்?" என்றார் தம்பி. ஒருவரும் வரமாட்டார்கள்தான். ஆனால் கணினி மென்பொருளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. அதைவிட, ஸகாத் கணக்கைச் சரியாக வைத்திருக்கவே தொடங்கிய வேலையில் முதல் பதிவே பொய்யாக இருக்கலாமா?

சட்டப்படி செய்யக் காசும் தேவையில்லை. அதே மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பிரஸ் எடிசன் நேரடிப் பாவனைக்கே இலவசம். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம், 2025 பதிப்பில் 50 ஜிபி. 3,000 குடும்பம், ஆளுக்குக் குடும்பம் 10 கேபி என்று தாராளமாகப் போட்டாலும் 30 எம்பிதான் வரும். அடையாள அட்டைப் படங்களை மட்டும் வெளியே வையுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் அந்த அளவும் இல்லை. அதில் 100 கனெக்சன், மைஎஸ்கியூஎல்லில் 151 என்று இருப்பவை லைசன்ஸ் எல்லைகள் அல்ல, நாமே கூட்டக்கூடிய செட்டிங்.

2004 டிசம்பர் 26இல் எங்கள் கரையைக் கடல் எடுத்தபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்த தொண்டர்கள் சில வாரங்களில் எழுதியதுதான் சஹானா. பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும்தான் அதன் அடித்தளம். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அதையே கொண்டுபோனார்கள். டிவலப்பர் எடிசனை நம்பி எழுதியிருந்தால் நம் நாட்டிலேயே முறைப்படி ஓட்டியிருக்க முடியாது.

தம்பிமாருக்கு: எக்ஸ்பிரஸும் போஸ்ட்கிரெஸும் உபுண்டுவில் ஓடும், அங்கே விண்டோஸின் 20 பேர் கணக்கு இல்லை. பழைய மெஷின் ஒன்று போதும். புரோகிராமை ஒவ்வொரு கம்பியூட்டரிலும் தனித்தனியாகப் போடுங்கள். டிவலப்பரில் எடுத்த பேக்கப்பை அதே பதிப்பு எக்ஸ்பிரஸில் திரும்ப ஏற்றலாம். டிடிஈ குறியாக்கம் போட்டிருந்தால் மட்டும் முதலில் அதை நீக்க வேண்டும். வெள்ளி அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், பேக்கப்பைப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள்.